மனச்சோர்வு மாத்திரையும் புற்றுநோய் சிகிச்சையும்: டாக்டரைப் பார்க்கும் முன்

மனச்சோர்வுக்குத் தரும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகள், டி செல் என்ற நோய் எதிர்ப்பு செல்லுக்குள் செரோடோனின் என்ற வேதிப்பொருளை இழுக்கும் கடத்தியை அடைக்கின்றன. செல்லைச் சுற்றி செரோடோனின் கூடி, கட்டியைத் தாக்கும் வேகம் ஏறுகிறது. 2025-ல் அமெரிக்காவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகக் குழு இதைக் காட்டியது எலிகளில்தான். அதை நம்பி மதுரை கோரிப்பாளையம் மெடிக்கலில் அட்டை வாங்கி நீங்களே ஆரம்பிக்காதீர்கள்.

மேலூரிலோ உசிலம்பட்டியிலோ பஸ் ஏறும் முன், வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு மஞ்சப்பையில் போடுங்கள். 'வெள்ளை மாத்திரை, ராத்திரி ஒண்ணு' என்றால் யாருக்கும் புரியாது. அட்டையைக் கிழிக்கும்போது பெயரும் மில்லிகிராமும் உள்ள ஓரத்தை விட்டுவைங்க.

முதலில் பார்க்க வேண்டியது மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டமாக்சிஃபென். கல்லீரலில் சிஒய்பி2டி6 நொதி அதை எண்டாக்சிஃபெனாக மாற்றினால்தான் முழுப் பலன். எஸ்எஸ்ஆர்ஐ வகையில் பராக்செடினும் ஃபுளுவாக்செடினும் அந்த நொதியை முடக்கிவிடும்; ஃபுளுவாக்செடின் நிறுத்திய பிறகும் சில வாரம் உடம்பில் தங்கும். வென்லாஃபாக்சின் என்ற வேறொரு மனச்சோர்வு மாத்திரையில் இந்தத் தொல்லை குறைவு. மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

எஸ்சிட்டலோபிராம் என்ற எஸ்எஸ்ஆர்ஐயோடு வாந்திக்கான ஆண்டன்செட்ரான் சேர்ந்தால் இதயத்துடிப்பு தடுமாறலாம். ஈசிஜி தேவையா என்று கேட்டுவிடுங்கள். வலிக்கு டிரமடாலும் சேர்ந்தால் நடுக்கம், வியர்வை, குழப்பம், வலிப்புகூட வரலாம். வந்தால் உடனே அவசரப் பிரிவு. எஸ்எஸ்ஆர்ஐ ரத்தக்கசிவைக் கூட்டலாம்; கீமோவில், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுவும் இறங்கியிருந்தால் ஈறில் ரத்தம், கருத்த மலம் இரண்டையும் கவனியுங்கள்.

ஏற்கெனவே சாப்பிடுபவர்கள் பயந்துபோய் ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். தலைசுற்றலும் எரிச்சலும் படுத்தும். அளவைப் படிப்படியாகக் குறைப்பது டாக்டர் வேலை.