ஒரு வருஷ வாலிபர் ஊழியத்துக்கு சென்னை வர்றீங்களா? இந்த தவறுகள மட்டும் பண்ணிடாதீங்க

ஜூன் மாசம் ஸ்கூல் திறக்கிற சமயத்துல நாசரேத், மெய்ஞ்ஞானபுரம், மார்த்தாண்டம் பக்கமிருந்து டிகிரி முடிச்ச தம்பி தங்கச்சிங்க ரெண்டு மூணு பேராவது "ஒரு வருஷம் வாலண்டியரா இருக்கேன்"னு எக்மோர்ல வந்து இறங்குவாங்க. நானும் அப்படி வந்தவன்தான். பெரம்பூர் பக்கம் ஒரு சபையோட வாலிபர் ஊழியத்துல ஒரு வருஷம் இருந்தேன், அப்புறம் இங்கேயே வேலை கிடைச்சு தங்கிட்டேன், இப்போ புதுசா வர்றவங்களுக்கு கூட இருந்து பழக்கி விடுறேன். வர்றவங்க எல்லாரும் நல்ல மனசோடதான் வர்றாங்க, ஆனா மாட்டிக்கிறது திரும்ப திரும்ப அதே இடத்துலதான். அதுல பாதிக்கு மேல ஒரே காரணம். மே மாசம் நாம கிளம்பிடுவோம், பசங்க இங்கேயேதான் இருப்பாங்கங்கறத மறந்துடுறோம்.

முதல்ல, எதையும் கேட்காம கிளம்பி வர்றது. "ஊழியம்தானே, கர்த்தர் பார்த்துப்பார்"னு சொல்லிட்டு, எங்க தங்குறது, சாப்பாடு யார் தர்றா, மாசம் கைக்கு எவ்வளவு வரும், பஸ் செலவு அதுல சேருமா தனியா, உடம்பு சரியில்லன்னா ஆஸ்பத்திரி செலவு யாரோடது, வாரத்துல எந்த நாள் லீவு, நான் யாருக்கு பதில் சொல்லணும், ஆயருக்கா வாலிபர் ஐக்கிய செயலாளருக்கா, இது ஒண்ணுமே தெரியாம வந்துடுறாங்க. இதெல்லாம் கேட்டா விசுவாசம் இல்லன்னு நினைச்சுப்பாங்களோன்னு பயம். ஒரு தம்பி தங்குற இடம் இலவசம்னு நினைச்சு வந்தான், ஒரு மாசம் கழிச்சுதான் பிஜி வாடகை அவன் கையிலிருந்துன்னு தெரிஞ்சுது, வீட்ல கேட்க முடியல, செப்டம்பர்ல ஊருக்கு போயிட்டான். அதுல எனக்கு ரொம்ப வலிச்சது என்னன்னா, அத அவன் தன்னோட ஆவிக்குரிய தோல்வின்னு இன்னைக்கும் நினைச்சுட்டு இருக்கான். அது தோல்வியே இல்ல, யாரும் முன்னாடி ஒரு கடிதம் எழுதி கொடுக்கல, அவ்ளோதான். தயவு செஞ்சு கேளுங்க, பதில எழுத்துல வாங்கிக்கோங்க. நல்ல சபைன்னா இதுக்கு கோவிச்சுக்க மாட்டாங்க.

அடுத்தது வந்த முதல் மாசமே எல்லாத்தையும் மாத்தணும்னு நினைக்கிறது. "எங்க ஊர்ல இப்படி பண்ணுவோம்"ங்கற வார்த்தைய முதல் மூணு மாசம் வாயிலிருந்து எடுக்காதீங்க. நம்ம ஊர்ல கிராமத்துல முக்காவாசி பேர் ஒரே சபை, அப்பா தாத்தா காலத்துலேருந்து அதே கோயில், அதே கீர்த்தனை. இங்க ஒரே சனிக்கிழமை கூட்டத்துல சிஎஸ்ஐ (தென்னிந்திய திருச்சபை) பையன், பெந்தெகொஸ்தே பையன், ஆர்சி (ரோமன் கத்தோலிக்க) பொண்ணு, எந்த சபையும் இல்லாம ஃப்ரெண்ட் கூட சும்மா வந்த பையன்னு எல்லாரும் இருப்பாங்க, அங்க போயி ஞானஸ்நானம் எப்படி எடுக்கணும்னு வாதம் பண்ணா நாலு பேர் அடுத்த வாரம் வர மாட்டாங்க. பேச்சும் அப்படித்தான். நான் வந்த புதுசுல எட்டாவது படிக்கிற ஒரு பையன பாசமாத்தான் "ஏல, இங்க வால"ன்னு கூப்பிட்டேன். அவன் முகம் சுருங்கிடுச்சு, கையில இருந்த ஸ்ட்ரைக்கர கேரம் போர்டு நடுவுல வச்சுட்டு எதுவும் சொல்லாம செருப்ப மாட்டிட்டு போயிட்டான். ரெண்டு வாரம் கழிச்சு அவங்க அக்கா சொல்லித்தான் தெரியும், எல்லார் முன்னாடியும் மரியாதை இல்லாம கூப்பிட்டுட்டேன்னு வீட்ல போயி அழுதிருக்கான். அவன் வீட்டுக்கே போயி மன்னிப்பு கேட்டேன், அப்புறம்தான் வந்தான்.

கேலண்டரும் தெரிஞ்சுக்கணும். டிசம்பர்ல அரையாண்டு பரீட்சையும் கேரல் பிராக்டிஸும் ஒரே சமயத்துல வந்து நிக்கும், ஜனவரி பொங்கல் முடிஞ்சா பத்தாவது பன்னிரெண்டாவது பசங்கள வீட்ல வெளியவே விட மாட்டாங்க, மார்ச்ல பொதுத் தேர்வு. புதுசா வர்றவங்க பிப்ரவரில கூட்டம் கொறைஞ்சதும் "என் ஊழியத்துல ஆசீர்வாதம் இல்ல"ன்னு உடைஞ்சு போயிடுறாங்க. அது பரீட்சை சீசன். அந்த ரெண்டு மாசம் கூட்டம் போடறத விட, படிக்க அமைதியான இடம் இல்லாத பசங்களுக்கு சாயங்காலம் சபை ஹால திறந்து விட்டு, லைட்டு ஃபேன் போட்டு, கூடவே உக்காந்திருங்க, வீட்டுக்காரங்களும் அதுக்கு நிம்மதியா அனுப்புவாங்க. வடகிழக்கு மழை சமயத்துல கூட்டத்த ரத்து பண்றதுக்கும் தயங்காதீங்க, தண்ணி தேங்குற தெருவுல சின்ன பசங்க ராத்திரி நடந்து போறது நமக்கு தேவையில்ல.

வடசென்னையில ஊழியம்னா கேரம், ஃபுட்பால் ரெண்டும் தெரியாம முடியாது. வியாசர்பாடில பந்து, ராயபுரம் காசிமேடு பக்கம் கேரம், தெருவுக்கு தெரு கிளப் இருக்கும். விளையாட்ட தூண்டில்ல மாட்டுற புழு மாதிரி பயன்படுத்துறதுதான் தவறு, அரை மணி நேரம் விளையாட விட்டுட்டு உடனே கதவ சாத்தி பிரசங்கம் பண்றது. பசங்களுக்கு அது ஒரே வாரத்துல புரிஞ்சுடும். இந்த ஊர்ல ஒய்எம்சிஏங்கற வாலிபர் கிறிஸ்தவ சங்கம் 1890லயே ஆரம்பிச்சது, ஹாரி குரோ பக்ங்கற அமெரிக்கர் 1920ல உடற்கல்விக்குன்னே அது மூலமா பயிற்சிப் பள்ளி தொடங்கினார், அதுதான் இன்னைக்கு நந்தனத்துல இருக்கிற காலேஜ். விளையாட்டு சொல்லிக் கொடுக்கிறதே ஒரு ஊழியம்னு இங்க நூறு வருஷத்துக்கு முன்னாடியே தெரிஞ்சவங்க இருந்திருக்காங்க. வர்ற பசங்கள்ல நிறைய பேர் இந்து, முஸ்லிம் வீட்டு பிள்ளைங்க. அவங்க அம்மா அப்பாவ நேர்ல பார்த்து, இங்க விளையாட்டு இருக்கு, ஜெபமும் வேத பாடமும் இருக்கு, உங்களுக்கு சம்மதம்னா மட்டும் அனுப்புங்கன்னு நேரா சொல்லிடுங்க. சம்மதம் இல்லன்னா கேரமுக்கு மட்டும் வரட்டும். பேனா, பைன்னு கொடுத்து மறைச்சு கூட்டிட்டு வர்றது வேண்டவே வேண்டாம், அது பிள்ளையோட பெத்தவங்களுக்கு பண்ற துரோகம்.

இப்போ சொல்லப் போறதுதான் எல்லாத்தையும் விட முக்கியம், கொஞ்சம் பொறுமையா படிங்க. பிள்ளைங்க பாதுகாப்பு. நாம 21, 22 வயசுல வர்றோம், பன்னிரெண்டாவது படிக்கிற பிள்ளைக்கும் நமக்கும் நாலஞ்சு வருஷம்தான் வித்தியாசம், "அண்ணா அண்ணா"ன்னு ஒட்டிக்குவாங்க, நமக்கும் வீட்ட விட்டு வந்த ஏக்கத்துல அந்த பாசம் இனிக்கும். அங்கதான் எல்லை கலையும். ராத்திரி பதினோரு மணிக்கு தனியா சாட் பண்றது, ஒரே பிள்ளைய பைக்ல உக்கார வச்சு வீட்ல கொண்டு விடறது, உங்க ரூமுக்கு வர விடறது, கதவ சாத்திட்டு தனியா ஜெபிக்கிறது, இது ஒண்ணும் கூடாது. பேசணும்னா எல்லாரும் பார்க்கிற இடத்துல, காதுல விழாத தூரத்துல உக்காந்து பேசுங்க, சபை வராண்டா அதுக்கு ரொம்ப நல்ல இடம். போட்டோவ வீட்ல கேட்காம ஸ்டேட்டஸ்ல போடாதீங்க. சபையில போலீஸ் வெரிஃபிகேஷன் கேட்டா சந்தேகப்படுறாங்கன்னு மனசு நோகாதீங்க, கேட்கிற சபைதான் பிள்ளைங்க மேல அக்கறை உள்ள சபை.

ஒரு நாள் கூட்டம் முடிஞ்சு எல்லாரும் போயிட்டாங்க, ஒன்பதாவது படிக்கிற ஒரு பிள்ளை மட்டும் படிக்கட்டுல உக்காந்து ஷூ லேஸ கட்டுறதும் அவுக்கிறதுமா இருந்துச்சு. மூணாவது தடவை அவுத்தப்போ தலைய தூக்காமலே "அண்ணா ஒண்ணு சொல்லணும், ஆனா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க"ன்னு கேட்டுச்சு. அந்த இடத்துல நம்ம வாய் தானா "சத்தியமா"ன்னு சொல்ல வரும். சொல்லிடாதீங்க. "நீ சொல்றதுல உனக்கோ வேற யாருக்கோ ஆபத்து இருந்தா உன்ன காப்பாத்தக்கூடிய ஒருத்தர்கிட்ட நான் சொல்லித்தான் ஆகணும், ஆனா யார்கிட்ட சொல்றேன்னு உனக்கு முதல்ல சொல்லிட்டுதான் சொல்லுவேன்"னு சொல்லுங்க. நான் அப்படித்தான் சொன்னேன், அந்த பிள்ளை கொஞ்ச நேரம் அமைதியா இருந்துட்டு அப்புறம் சொல்லுச்சு. 2012ல வந்த போக்சோ சட்டப்படி 18 வயசுக்கு கீழ இருக்கிற எந்த பிள்ளைக்கும், ஆணோ பெண்ணோ, பாலியல் குற்றம் நடந்தது தெரிஞ்சா, நடக்கப் போகுதுன்னு தெரிஞ்சாகூட, போலீஸ்ல சொல்றது நம்ம கடமை, தெரிஞ்சும் சொல்லாம இருந்தா அதுவே தண்டனைக்குரிய குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098க்கு எந்நேரமும் ஃபோன் பண்ணலாம், காசு கிடையாது. "சபை பேரு கெட்டுடும், நாமளே பேசி முடிச்சுக்கலாம்"னு பெரியவங்க யாராவது சொன்னா தலையாட்டாதீங்க. நாமளே போயி விசாரணை பண்றதும் கூடாது, அந்த பிள்ளைகிட்ட திரும்ப திரும்ப கேட்டு நோகடிக்கவும் கூடாது. அது சொன்னத சொன்ன வார்த்தையிலேயே தேதி போட்டு எழுதி வச்சுக்கோங்க.

காசு விஷயம். கேம்ப் ஃபீஸ உங்க ஜிபே நம்பர்ல வாங்காதீங்க. நான் வாங்கினேன். முப்பது பசங்க, சிலர் முழுசா, சிலர் பாதி, ஒருத்தர் அம்மா கையில காசா கொடுத்தாங்க, அதே அக்கவுண்ட்ல என் சாப்பாட்டு செலவும் போயிட்டு இருந்துச்சு, கணக்கு கேட்டப்போ ரெண்டு ராத்திரி தூங்காம ஸ்டேட்மென்ட்ட பார்த்து ஒவ்வொண்ணா எழுதினேன், ஒரு ரூபா குறையல, ஆனாலும் அந்த ரெண்டு நாள் மத்தவங்க என்ன பார்த்த பார்வை இன்னும் மறக்கல. பொருளாளர் கையில நேரா போகட்டும், ரசீது அவர் போடட்டும்.

ஓய்வு எடுக்காம இருக்கிறதையும் நிறைய பேர் பரிசுத்தம்னு நினைக்கிறாங்க. சனிக்கிழமை வாலிபர் கூட்டம், ஞாயிறு காலைல ஓய்வுநாள் பள்ளி, ஆராதனை, சாயங்காலம் வீடு சந்திப்பு, ஊரே லீவுல இருக்கிற நாள்தான் நமக்கு வேலை நாள். அதனால திங்கட்கிழமைய கெட்டியா பிடிச்சுக்கோங்க, அன்னைக்கு ஃபோன் எடுக்க மாட்டேன்னு முன்னாடியே சொல்லிடுங்க. நான் பெரம்பூர்ல 29சி ஏறி கடைசி ஸ்டாப் பெசன்ட் நகர் வரைக்கும் ஜன்னல் ஓரமா உக்காந்து போவேன், பீச்ல ஒரு மணி நேரம், அதே பஸ்ல ரிட்டர்ன், அந்த பஸ்ஸுதான் அந்த வருஷம் என்ன விழாம நிறுத்தி வச்சுது. வேதத்துல எலியா தீர்க்கதரிசி சூரைச்செடி கீழ சாகணும்னு படுத்தப்போ தேவதூதன் முதல்ல சாப்பாடும் தண்ணியும்தான் கொடுத்தான், தூங்க விட்டான், திட்டல. இன்னொண்ணு, பாடம் எடுக்கிறதுக்காக வேதம் வாசிக்கிறத உங்க சொந்த ஜெப நேரமா கணக்கு வச்சுக்காதீங்க. மூணு மாசத்துல உள்ள வறண்டு போயிடும், வெளிய யாருக்கும் தெரியாது. வாரம் ஒரு தடவ பேச, சபைக்கு வெளிய, உங்க வயசுக்கு மூத்த ஒருத்தர கண்டுபிடிச்சு வச்சுக்கோங்க.

வீட்டுல கிறிஸ்மஸ் பத்தி இப்பவே சொல்லிடுங்க. கேரல் ரவுண்ட்ஸ் விடிய விடிய, 25 காலை ஆராதனை, 31 ராத்திரி ஆராதனை, நீங்க ஊருக்கு போக முடியாது. டிசம்பர் 20ம் தேதி அம்மாகிட்ட ஃபோன்ல சொன்னா ரெண்டு பக்கமும் அழுகைதான். புத்தாண்டு முடிஞ்சு போற மாதிரி பிளான் பண்ணுங்க, ரயில் முன்பதிவு 60 நாள் முன்னாடி காலை 8 மணிக்கு திறக்கும், செந்தூர் எக்ஸ்பிரஸ்லயும் நெல்லை எக்ஸ்பிரஸ்லயும் பண்டிகை நாள் டிக்கெட் சில நிமிஷத்துல போயிடும். தினமும் ராத்திரி ஒரே நேரத்துல பத்து நிமிஷம் வீட்டுக்கு பேசுங்க, அதுக்கு மேல வேண்டாம், கூட்டத்துக்கு நடுவுல வர்ற ஃபோனும் நின்னுடும்.

கடைசியா கிளம்புறது. "அண்ணா நீங்க இல்லன்னா நான் சர்ச்சுக்கு வர மாட்டேன்"னு ஒரு பிள்ளை சொன்னா அது நமக்கு பாராட்டு மாதிரி இருக்கும், உண்மையில நாம எங்கயோ தப்பா கட்டியிருக்கோம்னு அர்த்தம். அதனால முதல் மாசத்துலேருந்தே எந்த வேலையையும் தனியா செய்யாதீங்க, வீடு சந்திப்புக்கு போறப்போ இந்த ஊர்லயே இருக்கப் போற ஒரு அக்காவையோ அண்ணனையோ கூட கூட்டிட்டு போங்க, யார் வீட்ல என்ன கஷ்டம்னு அவங்களுக்கும் தெரியட்டும். கிளம்புற தேதிய பசங்ககிட்ட மார்ச்லயே சொல்லிடுங்க, பரீட்சை முடிஞ்ச கையோட. மே மாசம் விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) முடிஞ்சதும் வருகைப் பதிவேடு, ஹால் சாவி, கேரம் காயின் டப்பா எல்லாத்தையும் ஒப்படைச்சுட்டு, வாட்ஸப் குரூப்ல வேற ஒருத்தர அட்மின் ஆக்கிட்டு வெளிய வந்துடுங்க. ரயில் ஏறுற அன்னைக்கு ராத்திரி வேண்டாம்னு சொன்னாலும் பசங்க எக்மோர் பிளாட்பாரத்துக்கு வந்து நிப்பாங்க, அதுல சின்னவங்கள திரும்ப யார் வீட்ல கொண்டு விடுறதுன்னு அன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள பேசி வச்சிடுங்க.