டெபியன் 11-க்கு மாறியதும் பிரிட்ஜுக்கு வேறு ஐபி

சர்வரின் லினக்ஸ் இயங்குதளமான டெபியனை 10-இலிருந்து 11-க்கு ஏற்றியதும், பிஆர்0 (br0) என்ற பிரிட்ஜுக்கு (நெட்வொர்க் இணைப்புகளைச் சேர்க்கும் மென்பொருள் பாலம்), அதன் மேக் முகவரியை (நெட்வொர்க்கில் அடையாளம் காட்டும் எண்) வைத்து ரவுட்டரில் ஒதுக்கிவைத்த ஐபி வரவில்லை, வேறொன்று வந்தது. கேபிள், ஃபயர்வாலில் குறையில்லை. பழைய டிஎச்சிபி லீஸை (ரவுட்டர் தற்காலிகமாகக் கொடுத்த ஐபியின் பதிவு) அழித்தும் பயனில்லை.

'ஐபி லிங்க்' கட்டளையில்தான் பிடிபட்டது: பிஆர்0-வின் மேக் முகவரியும் அதில் சேர்த்த நெட்வொர்க் அட்டையான ஈஎன்ஓ1-இன் (eno1) மேக்கும் வேறுவேறு. முன்பெல்லாம் பிரிட்ஜ், அட்டையின் மேக்கையே எடுத்துக்கொள்ளும். புதிய சிஸ்டம்டி (லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் மென்பொருள்), பிரிட்ஜின் பெயரையும் அந்தக் கணினிக்கென உள்ள மெஷின் ஐடியையும் வைத்துத் தானே ஒன்றை உருவாக்குகிறது. நெட்வொர்க் அமைப்புகள் உள்ள இன்டர்ஃபேஸஸ் (/etc/network/interfaces) கோப்பில் பிஆர்0-வின் கீழ் 'பிரிட்ஜ்_எச்டபிள்யூ' (bridge_hw) என்று எழுதி, பக்கத்திலேயே ஈஎன்ஓ1-இன் மேக்கைக் கொடுத்து ரீபூட் செய்தேன்; பழைய ஐபி வந்துவிட்டது. அப்பாடா!

குளோன் (அப்படியே நகல்) எடுத்த சர்வர்களில் இன்னொரு வம்பு உண்டு. மெஷின் ஐடியை மாற்றாமல் விட்டால், ஒரே பெயருள்ள பிரிட்ஜ்களுக்கு மேக்கும் ஒன்றாகவே அமையும். நெட்வொர்க்கில் இரண்டும் மோதிக்கொள்ளும்.