"இந்தத் துக்கம் யாருக்கு?" என்று அடுத்தவரைக் கேட்காதீர்கள்: ஆத்ம விசாரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை. எங்கள் வீட்டுக் கூடத்தில் வழக்கம்போல ஆத்ம விசாரத்துக்கு, அதாவது 'நான் யார்?' என்று உள்ளே பார்க்கும் பயிற்சிக்கு, எட்டுப் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தோம். கணவரை இழந்து நான்கு மாதமே ஆன ஓர் அம்மா பேசத் தொடங்கி, பாதியில் அழுதுவிட்டார். பக்கத்தில் இருந்த இளைஞர் விசாரப் பயிற்சிக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அவர் மிக மெதுவாக, "அம்மா, இந்தத் துக்கம் யாருக்குன்னு கேட்டுப் பாருங்க" என்றார். அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரிப்பா" என்றார். அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை வரவும் இல்லை.

அந்தத் தம்பி நல்ல மனதோடுதான் சொன்னார். பதினைந்து வருடத்துக்கு முன்னால் நானும் அதே நல்ல மனதோடு அதே தவறைச் செய்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். தூக்கம் வருவது, கால் மரத்துப்போவது, மனம் கடைத்தெருவுக்கு ஓடுவது பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. அவை உட்கார உட்காரத் தானாகச் சரியாகிவிடும்.

முறை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரமண மகரிஷி திருவண்ணாமலையில் விரூபாட்ச குகையில் இருந்த காலம். 1901-02 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற அரசு ஊழியர் அவரிடம் வந்து சில கேள்விகள் கேட்டார். மகரிஷி அப்போது பேசுவதில்லை, பதில்களை எழுதிக் காட்டினார். அவைதான் பிற்பாடு 'நான் யார்?' என்ற சிறு நூலாக வந்தன. ஓர் எண்ணம் எழுந்தால் அதன் பின்னால் ஓடாமல், 'இது யாருக்கு வந்தது?' என்று கேட்க வேண்டும். 'எனக்கு' என்று தோன்றும். 'அந்த நான் யார்?' என்று மனதை உள்ளே திருப்பினால் எண்ணம் எழுந்த இடத்திலேயே அடங்கும். இதுதான் வழி. நாங்கள் இதற்கு முன்படியாக இன்னொன்றும் செய்கிறோம். மனதைப் போட்டு வாட்டும் எண்ணத்தை நோட்டில் எழுதி, 'இது உண்மையா?' என்று பார்ப்போம். இந்த நோட்டு வேலை மகரிஷி சொன்னதல்ல, என் அனுபவத்தில் சேர்த்துக்கொண்டது.

கேள்வியை ஜபமாக்குவது

'நான் யார், நான் யார்' என்று மாலை உருட்டுகிறவர்களை வாராவாரம் பார்க்கிறேன். இது மந்திரம் அல்ல என்று மகரிஷியே பலரிடம் சொல்லியிருக்கிறார். வீட்டில் ஏதோ கருகும் வாசனை வந்தால் 'எங்கே, எங்கே' என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருப்போமா? எழுந்து அடுப்படிக்குப் போவோம். கேள்வி ஒரு தடவை போதும். அப்புறம் பார்ப்பதுதான் வேலை.

பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பது

'நான் பிரம்மம்' என்று படித்துவிட்டு வந்து கேட்பவருக்குப் படித்த பதில்தான் வரும்.

பெரிய எண்ணத்தைப் பிடிப்பது

நோட்டில் எழுதச் சொன்னால் புதிதாக வருகிறவர்கள் 'உலகத்தில் யாரையும் நம்ப முடியாது' என்று எழுதுகிறார்கள். இதை எப்படிச் சோதிப்பது? பிடிக்க ஒரு பிடியும் இல்லை. என் பழைய நோட்டு ஒன்றில் 'அண்ணன் என்னை மதிப்பதே இல்லை' என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறேன். ஆறு மாதம் அதையே திருப்பித் திருப்பி எழுதினேன், ஒன்றும் நகரவில்லை. கடைசியில் ஒருநாள் பக்கத்தின் நடுவில் கோடு போட்டேன். இடப்பக்கம் நடந்தது, வலப்பக்கம் நான் சேர்த்தது. இடப்பக்கத்தில் எழுத ஒரே வரிதான் இருந்தது: 'புதுமனை புகுவிழாவுக்கு அண்ணன் வரவில்லை.' மற்றதெல்லாம் வலப்பக்கம் போய்விட்டது. வேண்டுமென்றே வரவில்லை, அண்ணி தடுத்திருப்பாள், சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். அன்று சாயங்காலமே போன் செய்து, ஏன் வரவில்லை என்று நேராகக் கேட்டேன். தனக்குக் கடன் கொடுத்தவர் ஒருவர் அந்த விழாவுக்கு வருவார் என்று கேள்விப்பட்டு, முகம் கொடுக்க முடியாமல் நின்றுவிட்டாராம். ஒரு கிழமை, ஓர் இடம், ஒரு சொல், இப்படிச் சின்னதாகப் பிடியுங்கள்.

அடுத்தவர் துக்கத்தின் மேல் கேள்வியை வீசுவது

இதைச் சற்று நீட்டித்தான் சொல்ல வேண்டும். இன்றைக்கும் நினைத்தால் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

என் தங்கைக்கு ஏழாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள். கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதுகொண்டே இருந்தாள். நான் அப்போது விசாரத்தில் நன்றாக ஊறியிருந்த காலம். மாதாமாதம் கிரிவலம் போவேன், அதிகாலையில் எழுந்து உட்காருவேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த வலி யாருக்கு வருதுன்னு பாரு. உடம்புக்கா, மனசுக்கா, உனக்கா?" என்றேன். அவள் கையை உருவிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

அதற்கப்புறம் மூன்று வருடம் தேவையான பேச்சுதான். "அக்கா சாப்பிட்டியா", "அம்மாவுக்கு மாத்திரை வாங்கிட்டியா", அவ்வளவே.

மூன்று வருடம் கழித்து அவளே ஒருநாள் வாய் திறந்தாள். குழந்தை போவதற்கு நான்கு நாள் முன்னால் ஒரு கல்யாணத்துக்கு பஸ்ஸில் போய்வந்திருக்கிறாள். ரோடு குண்டும் குழியுமாக இருந்ததாம். 'நான் அந்த பஸ்ஸில் ஏறியதால்தான் என் குழந்தை போயிற்று' என்ற எண்ணத்தை அவ்வளவு நாளும் தனியாகச் சுமந்திருக்கிறாள். டாக்டரிடம் கூடக் கேட்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். அப்புறம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். பழைய ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, நஞ்சுக்கொடியில் வந்த கோளாறு அது, பஸ் பயணத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் சொன்னார். வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். வரும் வழியில் சொன்னாள்: "அன்னைக்கு நீ ஒண்ணும் பேசாம ஒரு டம்ளர் கஞ்சி குடுத்திருந்தா, நானே உன்கிட்ட கேட்டிருப்பேன்க்கா."

என் தவறு எங்கே என்று அப்போதுதான் புரிந்தது. குழந்தையை இழந்த துக்கம் ஒரு நம்பிக்கை அல்ல, அதை 'உண்மையா' என்று கேட்க ஒன்றும் இல்லை. கேட்டுப் பார்க்க வேண்டிய எண்ணம் அந்தத் துக்கத்துக்கு அடியில் இருந்தது. 'என்னால்தான்' என்ற அந்த எண்ணம் வெளியே வருவதற்குள் நான் அவள் வாயை அடைத்துவிட்டேன். இன்னொன்றும் உண்டு. அவள் அழுவதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுக்கவில்லை. 'இவள் அழுகையை நிறுத்த வேண்டும்' என்ற எண்ணம் எழுந்தது எனக்கு. யாருக்கு என்ற கேள்வியை அங்கே என்னிடம்தான் கேட்டிருக்க வேண்டும்.

மகரிஷியின் வாழ்க்கையைப் படித்தவர்கள் இதைக் கவனிக்காமல் போவதுதான் எனக்கு வருத்தம். 1914-ல் அவருடைய தாயார் அழகம்மாள் விரூபாட்ச குகையில் கடும் காய்ச்சலில் கிடந்தார். 'காய்ச்சல் யாருக்கு?' என்று மகன் கேட்கவில்லை. தாயைக் காப்பாற்றச் சொல்லி அருணாசலரை வேண்டிப் பாட்டு எழுதினார். 1922 மே மாதம் அந்தத் தாயின் உயிர் பிரிந்த நாளில், ஒரு கையை மார்பிலும் இன்னொரு கையைத் தலையிலும் வைத்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கணவரையும் பிள்ளைகளையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்துவிட்டு எச்சம்மாள் என்ற பெண்மணி குகைக்கு வந்தபோது, மகரிஷி உபதேசம் எதுவும் செய்யாமல் கூடவே மௌனமாக இருந்தார். எச்சம்மாளின் பாரம் அங்கே இறங்கியது. பிற்பாடு பல வருடம் தவறாமல் மகரிஷிக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர் அவர்தான்.

அடுத்தவருக்கு விசாரம் செய்து கொடுக்க முடியாது. அவராக வந்து, "இந்த எண்ணம் என்னை விடமாட்டேங்குது, எப்படிப் பார்க்கறது?" என்று கேட்டால் சொல்லலாம். அதுவரை கஞ்சி, தண்ணீர், பக்கத்தில் ஓர் ஆள்.

காரணம் தோண்டுவது

குப்பையைக் கூட்டித் தள்ள வேண்டியவர் அதைக் கிளறி ஆராய்ந்துகொண்டிருப்பதில் பயனில்லை என்பது மகரிஷி காட்டிய உவமை.

மருந்தை நிறுத்துவது

நிறுத்தாதீர்கள். மன அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஒன்றைக்கூடக் குறைக்க வேண்டாம்.

நியாயமான கோபத்தைக் கேள்வியால் அமுக்குவது

தங்கையிடம் நான் செய்ததைப் பலர் தங்களிடமே செய்துகொள்கிறார்கள். எங்கள் அமர்வுக்கு வந்த ஒரு பெண், கணவர் கைநீட்டும்போதெல்லாம் 'இந்தக் கோபம் யாருக்கு?' என்று கேட்டுத் தன்னை அடக்கிக்கொள்வதாகச் சொன்னார். குரலில் ஒரு பெருமை வேறு. நான் பதறிப்போய்விட்டேன். நோட்டில் இடப்பக்கம் எழுதச் சொன்னேன். 'ஞாயிறு இரவு அடித்தார். காதில் ரத்தம் வந்தது.' இது உண்மையா? உண்மை. கேள்வி வேண்டியது 'நான் பொறுத்துப்போகத்தான் வேண்டும்' என்று வலப்பக்கம் இருந்ததற்கு. முதலில் உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போங்கள், பெண்கள் உதவி எண் 181-க்கு போன் செய்யுங்கள், விசாரம் அப்புறம் என்றேன். இப்போது அண்ணன் வீட்டில்தான் இருக்கிறார்.

கணவரை இழந்த அந்த அம்மா வீட்டுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். அந்தத் தம்பியும் கூட வந்தார். வரும்போதே அவரிடம் தங்கை கதையைச் சொல்லியிருந்தேன். காபி கொடுத்துவிட்டு அந்த அம்மா ஒரு மணி நேரம் கணவரின் ஸ்கூட்டரைப் பற்றியே பேசினார். 22 வருட வண்டி. விற்க மனசில்லை, வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்துவைக்கவும் ஆள் இல்லை. தம்பி எழுந்து சாவியை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். ஏழெட்டு உதைக்கு அப்புறம் வண்டி கிளம்பிய சத்தம் கேட்டது. அந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அழுதார். நாங்கள் இருவரும் எதுவும் பேசவில்லை.