வாடிய ஹைட்ரேஞ்சியாவைத் தண்ணீரில் முக்குங்கள்

ஜாடியில் வைத்த ஹைட்ரேஞ்சியா என்ற பந்து போன்ற பூக்கொத்து அரை நாளில் தலை தொங்கிவிட்டதா? தூக்கிப் போடாதீர்கள். காம்பு நுனியைச் சாய்வாக ஒரு விரற்கடை நறுக்கிவிட்டு, பூக்கொத்தைத் தலைகீழாக ஒரு வாளி பச்சைத் தண்ணீரில் முழுக்க முக்கி வையுங்கள். மிதந்தால் மேலே ஒரு தட்டை வைத்து அமுக்குங்கள். ஒரு மணி நேரம் போதும். சில கொத்துகளுக்கு இரண்டு மூன்று மணி ஆகும். எடுத்து மெதுவாக உதறி, புதுத் தண்ணீர் ஊற்றிய ஜாடியில் வையுங்கள். துவண்ட ஈரத்துணி போலக் கிடந்தது மறுபடி பந்தாக நிமிர்வதைப் பார்க்க அவ்வளவு ஆசையாக இருக்கும்!

இதில் இதழ் என்று நாம் நினைப்பதெல்லாம் உண்மையில் புல்லி இதழ்கள், அதாவது பூவின் வெளி அடுக்கு. அத்தனை பெரிய கொத்திலிருந்து ஆவியாகும் நீரைக் காம்பு மட்டும் உறிஞ்சி ஈடுகட்ட முடியாது. ஆனால் அந்தப் புல்லிகள் நேரடியாகவே தண்ணீரை உறிஞ்சும். கிரேக்கத்தில் இதன் பெயருக்கே தண்ணீர்ப் பாத்திரம் என்றுதான் பொருள்.

ஓரம் பழுப்பாகி மொறமொறப்பாகிவிட்ட பூவுக்கு இது பலிக்காது. ஊட்டி, கொடைக்கானல் வீடுகளில் செடியிலேயே உச்சிவெயிலில் துவளும் கொத்துக்கும் இது தேவையில்லை. மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் சாயங்காலம் தானே நிமிர்ந்துவிடும்.