தைப்பூசத்துக்கு மாதவிடாயைத் தள்ளிப்போட மாத்திரை எடுப்பது எப்படி

பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டு, விரதமும் ஆரம்பித்த பிறகுதான் பலர் காலண்டரைப் பார்த்துவிட்டு மாத்திரை தேடி ஓடுகிறார்கள். ஒரு மாதத்துக்கு முன்பே திட்டமிடுங்கள். அக்காவிடம் மிச்சம் இருந்தது என்று எதையும் வாங்கிப் போடாதீர்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கருத்தடை மாத்திரை எடுக்கும்போது மாதாமாதம் வருவது வழக்கமான மாதவிடாய் அல்ல, ஹார்மோன் சில நாள் நிற்பதால் கர்ப்பப்பையின் உட்படலம் உதிர்கிறது, அவ்வளவுதான். ஒரு மாதம் வராவிட்டால் கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிவிடும் என்று வீட்டில் பெரியவர்கள் பயப்படுவார்கள். அப்படி எதுவும் தேங்காது, அந்த மாத்திரை உட்படலத்தை மெல்லியதாகவே வைத்திருக்கிறது.

ஏற்கெனவே இரண்டு ஹார்மோன் சேர்ந்த கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு வேலை சுலபம். 28 உள்ள அட்டையில் பெரும்பாலும் 21-தான் மருந்து, கடைசி 7 வெறும் மாத்திரை. அந்த 7-ஐ விட்டுவிட்டு மறுநாளே புது அட்டையைத் தொடங்கினால் மாதவிடாய் தள்ளிப்போகும். இடையில் லேசாகத் திட்டுத்திட்டாகப் படலாம், மலை ஏறும் நாளில் மெல்லிய பேட் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அட்டையில் மருந்து மாத்திரைகளே பல நிறத்தில் இருந்தால் ஹார்மோன் அளவு மாறி மாறி இருக்கும், அப்போது ஃபார்மசிஸ்டிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கருத்தடை மாத்திரை எடுக்காதவர்களுக்கு டாக்டர் வழக்கமாகத் தருவது நோரெதிஸ்டெரோன் என்ற ஹார்மோன் மாத்திரை 5 மில்லிகிராம், மாதவிடாய் வரவேண்டிய தேதிக்கு மூன்று நாள் முன்பிருந்து தினமும் மூன்று வேளை. நிறுத்திய இரண்டு மூன்று நாளில் மாதவிடாய் வந்துவிடும். ஆனால் இப்படி எடுக்கும்போது அது கருத்தடை ஆகாது, அதை நம்பி இருக்காதீர்கள்.

கருத்தடை ஊசியும், கையில் தோலுக்கடியில் வைக்கும் இம்பிளாண்ட் என்ற கருத்தடைக் குச்சியும் இதற்கு உதவாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியில் ஒரு வருடம் போனால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மாதவிடாயே நின்றுவிடும், உண்மைதான், ஆனால் ஆரம்ப மாதங்களில் எப்போது படும் என்று யாராலும் சொல்ல முடியாது. திருவிழாவுக்கு முந்தின மாதம் போய் அதைத் தொடங்கினால் தலைவலிதான்.

ரத்தம் உறைந்த வரலாறு, உயர் ரத்த அழுத்தம், கண்ணில் வெளிச்சம் மின்னி வரும் ஒற்றைத் தலைவலி, 35 வயதுக்கு மேல் புகைப்பழக்கம், தாய்ப்பால் கொடுப்பது, இதில் எது இருந்தாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வலிப்பு மருந்தும் காசநோய் மருந்தும் சில மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும், அதையும் சொல்லுங்கள். கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது மலேசிய அரசு கிளினிக்கில், குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான், கூச்சப்பட்டுத் தள்ளிப்போட வேண்டாம்.

மாத்திரையை நிறுத்தி ஒரு வாரமாகியும் மாதவிடாய் வரவில்லையென்றால் கர்ப்பப் பரிசோதனை செய்துபாருங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, நெஞ்சு வலித்து மூச்சு வாங்கினாலோ, விரதமாக இருந்தாலும் சரி, நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள்.