விசிட் விசாவில் அமெரிக்கா போகிறீர்களா? துவக்குச் சட்டத்தை இப்படிப் பாருங்கள்

கொழும்பில் இடுப்பில் பிஸ்டலோடு ஒருவர் கடைக்குள் வந்தால், பொலிஸ்காரராகவோ யாரோ பிரமுகரின் மெய்ப்பாதுகாவலராகவோ இருப்பார் என்றுதான் நினைப்போம். டெக்ஸஸில் பால் பக்கெட் எடுக்க வந்தவரின் இடுப்பிலேயே உறைக்குள் பிஸ்டல் தெரியலாம். சட்டப்படி அது அவருக்குச் சரி. உங்களுக்குச் சரியில்லை. இந்த வித்தியாசத்தைக் கட்டுநாயக்கவில் விமானம் ஏறும் முன்பே விளங்கிக்கொள்ள வேண்டும்.

இங்கே இலங்கையில் கதை நேரானது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். துவக்கு வைத்திருக்கவே அனுமதிப்பத்திரம் வேண்டும், அதையும் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். தற்பாதுகாப்புக்கென்று கொடுத்த துவக்குகளைக்கூட 2024 நவம்பர் 7ஆம் திகதிக்குள் ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது. அமெரிக்காவிலோ ஃபெடரல் (மத்திய அரசின்) சட்டம், மாநிலச் சட்டம், நகரச் சட்டம் என்று ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும். மாநிலம் விட்டாலும் ஃபெடரல் சட்டம் பிடிக்கும்.

முதலில் உங்கள் ஐ-94 பதிவை (அமெரிக்காவுக்குள் நுழைந்ததற்கான அரசாங்கப் பதிவு) எடுத்து, எந்த வகுப்பில் நாட்டுக்குள் விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பி-2 (சுற்றுலா), எஃப்-1 (படிப்பு), எச்-1பி (வேலை) மூன்றுமே குடியேற்றம் அல்லாத விசாக்கள். இவற்றில் வந்தவர் துவக்கோ ரவையோ வைத்திருப்பதை ஃபெடரல் சட்டத்தின் 922(ஜி)(5) பிரிவு தடுக்கிறது. 2022 யூன் மாதத் திருத்தத்துக்குப் பிறகு உச்சத் தண்டனை 15 வருடம். கிரீன் கார்ட் உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. அதனால்தான் அங்கே குடியேறிவிட்ட அண்ணா “ஒன்றும் நடக்காது, பிடி” என்று மனதாரச் சொல்லுவார். அவர் சொல்வது அவருடைய நிலைமைக்கு. உங்கள் விசா இன்னதென்று தெரிந்தும் துவக்கைக் கையில் தந்தால் அவரும் குற்றவாளிதான்.

‘வைத்திருப்பது’ என்றால் சொந்தமாக வாங்குவது மட்டுமல்ல. சுடும் பயிற்சிக்கூடத்தில் அரை மணி நேர வாடகைக்கு எடுப்பதும் அதற்குள் அடங்கும். பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஐக்கிய அரபு எமிரேட்ஸ் மாணவர் ஒருவர், பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டு விசா நிலையை இழந்தபின், புளோரிடாவில் ஒரு பயிற்சிக்கூடத்தில் சுட்டார். அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தான் சட்டவிரோதமாகத் தங்கியிருப்பது அவருக்குத் தெரியும் என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று 2019இல் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்புக்கு முன்பே அவர் குற்றவாளியாகத் தண்டிக்கப்பட்டிருந்தார் என்பதை மறக்கவேண்டாம்.

விலக்கு ஒன்று உண்டு. அமெரிக்க மாநிலமொன்று சட்டப்படி கொடுத்த, காலாவதியாகாத வேட்டை அனுமதிப்பத்திரம் கையில் இருந்தால் மேற்சொன்ன தடை பொருந்தாது. ஆனால் அதை வைத்து ஃபெடரல் தடையைத்தான் தாண்டலாம். மாநிலச் சட்டத்தைத் தனியாகப் பார்க்கவேண்டும்.

மாநிலத்துக்கு மாநிலம் நிலைமை தலைகீழ். டெக்ஸஸில் 2021 செப்டெம்பர் 1 முதல், 21 வயதான, வேறு தடையில்லாத ஒருவர் அனுமதிப்பத்திரம் இல்லாமலே பிஸ்டலை உறையில் போட்டுத் தெரியும்படி கொண்டுபோகலாம். இலினோயில் அப்படிக் கொண்டுபோவது குற்றம். கொலராடோவில் மாநிலம் விட்டாலும் டென்வர் நகரம் தடுக்கிறது. ஆகவே மாநிலத்தின் பெயரோடு நகரத்தின் பெயரையும் போட்டுத் தேடுங்கள், சட்டம் எந்தத் திகதியில் திருத்தப்பட்டது என்றும் பாருங்கள். பழைய யூடியூப் வீடியோவை நம்பவேண்டாம்.

துவக்கு வைத்திருக்கும் உறவினரோடு வெளியே போகும்போது கடை வாசலைக் கவனியுங்கள். டெக்ஸஸில் 30.07 என்ற எண்ணோடு ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், குறைந்தது ஓர் அங்குல உயர எழுத்தில் பலகை இருந்தால், தெரியும்படி துவக்கோடு உள்ளே போகக்கூடாது. சிவப்பில் 51% என்று இருந்தால், வருமானத்தில் பாதிக்கு மேல் மதுவில் வரும் இடம், அங்கேயும் கூடாது. பாடசாலை, நீதிமன்றம், வாக்களிப்பு நிலையம் எல்லாவற்றுக்கும் தனித் தடை உண்டு.

தங்கும் வீட்டில் கேட்க வேண்டியதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். உங்களுக்குத் தந்த அறையின் லாச்சியில் துவக்கு கிடந்தால், அது உங்கள் வசம் இருந்தது என்று வாதிட இடமுண்டு. பெட்டகத்தில் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள். திறப்பையோ இலக்கத்தையோ நீங்கள் வாங்கவேண்டாம். காரில் போகையில் பொலிஸ் மறித்தால், ஓட்டுபவர் கையை ஸ்டியரிங்கில் வைக்கட்டும், நீங்கள் மடியில் தெரியும்படி வையுங்கள். டாஷ்போர்டைத் திறக்கக் கை நீட்டவேண்டாம்.

திரும்பி வரும்போது உறவினரின் பையை இரவல் வாங்கினால் அதன் உள்பைகள் எல்லாவற்றையும் வெளியே இழுத்து, தலைகீழாக உதறுங்கள். அடி மடிப்பில் கிடக்கும் ஒரு ரவை போதும், கட்டுநாயக்கவில் ஸ்கேனர் காட்டிக்கொடுக்க. வெறும் கோதாக இருந்தாலும் ஞாபகப் பொருளென்று கொண்டுவரவேண்டாம்.