அதிகப் பேட்டி கொடுத்தால் ஓட்டு கூடுமா? வேட்பாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேர்தல் தேதி அறிவித்த மறுநாளே வேட்பாளர்கள் இரண்டு வகையாகப் பிரிந்துவிடுகிறார்கள். மைக் நீட்டுகிற எல்லோரிடமும் பேசுகிறவர்கள் ஒரு வகை. நிருபர்களைக் கண்டதும் கார் கண்ணாடியை ஏற்றிவிடுகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினரைக் கேட்டால் கலைஞரைச் சொல்வார்கள். எவ்வளவு பிரஸ் மீட், எத்தனை சாமர்த்தியமான பதில்கள்! இரண்டாம் வகையினர் ஜெயலலிதாவைச் சொல்வார்கள். மாவட்ட நிருபராகச் சில தேர்தல்களில் அலைந்த அனுபவத்தில் சொல்கிறேன், தன் நிலைமையைப் பார்க்காமல் இன்னொருவர் வழியை அப்படியே எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு.

ஜெயலலிதா உதாரணத்தையே பார்ப்போம். 2004-ல் பிபிசியின் ஹார்ட்டாக் இந்தியா நிகழ்ச்சியில் கரண் தாப்பர் அவரைப் பேட்டி எடுத்தார். கேள்விகள் காரமாகப் போயின. முடிவில், உங்களோடு பேசியதில் மகிழ்ச்சி என்று தாப்பர் சொல்ல, எனக்கு அப்படி இல்லை என்று சொல்லிவிட்டு மைக்கைக் கழற்றி வைத்தார் அவர். அந்த மாதிரி நீண்ட பேட்டிகளை அவர் அபூர்வமாகத்தான் கொடுத்தார். 2006-ல் தோற்றார், 2011-ல் ஜெயித்தார், 2016-ல் ஆட்சியைத் தக்கவைத்தார். அதனால் பேட்டியே தேவையில்லை என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் ஜனங்கள் பார்த்துப் பழகிய முகம் அது. கையில் இரட்டை இலை, ஊருக்கு ஊர் கிளைக் கழகம், கட்சியின் குரலாக ஒரு டிவி சேனல். அவர் பேசாமல் இருந்தாலும் அவர் யாரென்று எல்லோருக்கும் தெரியும். முதல்முறையாக நிற்கிறவர் பேசாமல் இருந்தால், சுவரொட்டியில் கைகூப்பி நிற்கிற இன்னொரு படம், அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. 2019-ல் பீட் புட்டிஜெட்ஜ் என்பவர் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் போட்டியில் இறங்கினார். சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் சவுத் பெண்ட் நகரத்தின் மேயர் என்பதுதான் அவருடைய தகுதி. நாட்டில் பெரும்பாலோருக்கு அவர் பெயரை உச்சரிக்கக்கூடத் தெரியாது. கூப்பிட்ட டிவி, பாட்காஸ்ட், பத்திரிகை எதையும் அவர் தட்டவில்லை. 2020 பிப்ரவரியில் ஐயோவா மாநிலத்தில் நடந்த கட்சித் தேர்வில், பிரதிநிதிகள் எண்ணிக்கையில் சக போட்டியாளர் பெர்னி சாண்டர்ஸை மயிரிழையில் முந்தினார். ஆனால் கடைசியில் வேட்பாளர் ஆனவர் ஜோ பைடன். எட்டு ஆண்டு துணை அதிபராக இருந்த பைடன், புட்டிஜெட்ஜோடு ஒப்பிட்டால் நிருபர்களிடமிருந்து ஒதுங்கியே இருந்தார். தெரியாத முகத்தைப் பேட்டி தெரிய வைக்கும். ஏற்கெனவே தெரிந்த முகத்துக்கு ஒவ்வொரு கூடுதல் பேட்டியும் கொஞ்சம் லாபம், கொஞ்சம் ஆபத்து. நீங்கள் இதில் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்பதை நேர்மையாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தவறுதான் எனக்கு மிகவும் கவலை தருவது. வருஷக்கணக்காக வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, தேர்தல் நெருங்கும்போது ஒரே ஒரு பெரிய பேட்டி கொடுப்பது.

2014 ஜனவரி 27 அன்று டைம்ஸ் நவ் சேனலில் அர்னாப் கோஸ்வாமியிடம் ராகுல் காந்தி உட்கார்ந்தார். 2004-லிருந்தே எம்.பி.யாக இருந்தவருக்கு முறையான நீண்ட டிவி பேட்டி அதுதான் முதல் என்று அன்றைக்கு எல்லோரும் எழுதினார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. மோடியைப் பற்றிக் கேட்டாலும், 1984 சீக்கியர் படுகொலையைப் பற்றிக் கேட்டாலும், பேச்சு தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கும் பெண்களின் அதிகாரத்துக்கும் அமைப்பை மாற்றுவதற்கும் திரும்பிக்கொண்டே இருந்தது. அவர் சொன்ன விஷயங்கள் தப்பானவை அல்ல. தகவல் உரிமைச் சட்டம் பெருமைப்பட வேண்டிய சட்டம்தான். ஆனால் கேள்வி ஒரு பக்கமும் பதில் இன்னொரு பக்கமும் போனதை வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்கள் கவனித்தார்கள். அந்தத் தேர்தலில் காங்கிரஸ் 44 இடங்களில் நின்றதற்கு அந்தப் பேட்டி காரணம் என்று சொல்ல முடியாது. பத்தாண்டு ஆட்சியின் சலிப்பு, ஊழல் குற்றச்சாட்டுகள் என்று அதற்குப் பெரிய காரணங்கள் இருந்தன. ஆனால் அந்த ஒரு பேட்டி மீம்களாக மாறி பல வருஷம் அவர் கூடவே வந்தது.

அதற்கு முன்னால் ஐம்பது சின்னப் பேட்டிகள் கொடுத்திருந்தால், அதில் பத்து சொதப்பலாக இருந்தாலும், இது ஐம்பத்தொன்றாவது. ஒரு நாள் பேச்சாகிவிட்டு ஓய்ந்திருக்கும். அபூர்வமாகக் கொடுக்கிற பேட்டியின் மேல் தாங்க முடியாத பாரம் விழுகிறது. எல்லா சேனலும் அதையே போடும், எல்லா யூடியூபரும் அதையே வெட்டுவார்கள். 2022-23 பாரத் ஜோடோ யாத்திரையின்போது ராகுல் வழியில் அவ்வப்போது நிருபர்களைச் சந்தித்தார். பதில்களில் தெரிந்த நிதானத்தைப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் புரியும். பேட்டியும் ஒரு பயிற்சிதானே.

கமலா ஹாரிஸுக்கும் இதே சிக்கல் வந்தது. 2024 ஜூலை 21-ல் அமெரிக்க அதிபர் தேர்தல் போட்டியிலிருந்து பைடன் விலகியதும், துணை அதிபராக இருந்த அவர் களத்துக்கு வந்தார். முதல் பெரிய பேட்டி ஆகஸ்ட் 29-ல் சிஎன்என்னுக்கு. இடையில் 39 நாள். அத்தனை நாளும் ‘ஏன் பேட்டி கொடுக்கவில்லை’ என்பதே தனிச் செய்தியாக ஓடியது. அப்புறம் அக்டோபர் 8 அன்று தி வியூ நிகழ்ச்சியில், சாதகமான மேடையில், ஓர் எளிய கேள்வி வந்தது. பைடனிடமிருந்து வேறுபட்டு நீங்கள் எதைச் செய்திருப்பீர்கள்? சட்டென்று எதுவும் தோன்றவில்லை என்று பதில் சொன்னார். டிரம்ப் தரப்பு அந்தச் சில வினாடிகளை எடுத்து விளம்பரமாக ஓட்டியது. கடுமையான நிருபரிடம் போகும்போது ஆயத்தமாகப் போகிறோம். நமக்கு வேண்டியவரிடம் போகும்போதுதான் அசந்துவிடுகிறோம். வேண்டிய சேனலுக்கு மட்டும் பேட்டி கொடுத்தால் பிரச்சினை இல்லை என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்.

‘நீங்கள் எதற்கு நிற்கிறீர்கள்?’ என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் பேட்டிக்குப் போவது இன்னொரு தவறு. சிரிப்பாகத் தோன்றலாம். அமெரிக்காவின் புகழ்பெற்ற கென்னடி குடும்பத்து செனட்டர் எட்வர்ட் கென்னடிக்கே இது நடந்திருக்கிறது. 1979-ல் அவர் அதிபர் ஜிம்மி கார்ட்டரை எதிர்த்து கட்சிக்குள் போட்டியிடத் தயாரானார். கருத்துக்கணிப்புகளில் அவர்தான் முன்னணி. சிபிஎஸ் நிருபர் ரோஜர் மட், ‘ஏன் அதிபராக விரும்புகிறீர்கள்?’ என்று கேட்டார். கென்னடி நிறுத்தினார், யோசித்தார், பிறகு நாட்டின் இயற்கை வளம், படித்த மக்கள், தொழில்நுட்பம் என்று கோவையில்லாமல் பேசிக்கொண்டே போனார். நவம்பர் 4-ல் அது ஒளிபரப்பானது. மூன்று நாள் கழித்துத்தான் அவர் போட்டியையே முறைப்படி அறிவித்தார். கடைசியில் கார்ட்டரிடம் தோற்றார். அதற்கும் பல காரணங்கள் உண்டு. ஆனாலும் இன்றுவரை அந்தத் தேர்தலைப் பற்றிப் பேசும்போது முதலில் நினைவுக்கு வருவது அந்தத் திணறல்தான்.

நம் ஊர் வேட்பாளர்களிடம் இதே கேள்வியைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ‘தலைமை வாய்ப்பு கொடுத்தது, நிற்கிறேன்’ என்பதுதான் வழக்கமாக வருகிற பதில். கட்சிக்காரர் காதுக்கு அது பணிவு. ஓட்டுப் போடுகிறவருக்கு அதில் ஒன்றுமில்லை.

சரி, உள்ளூர் நிருபர்களுக்கு வருவோம். பெரிய சேனலில் முகம் வந்தால் போதும், தாலுகா நிருபர் எதற்கு என்ற அலட்சியம் எல்லாக் கட்சியிலும் இருக்கிறது. 2017-ல் பிரிட்டிஷ் பிரதமர் தெரசா மே பிரசாரத்துக்காக பிளைமவுத் நகருக்குப் போனார். அங்குள்ள ஹெரால்ட் பத்திரிகை நிருபருக்கு மூன்று நிமிடம் கிடைத்தது. உள்ளூர் விஷயங்களைக் கேட்டார். மே எல்லாவற்றுக்கும் பொத்தாம் பொதுவாகவே பதில் சொன்னார். அந்த நிருபர் கோபப்படவில்லை, விமர்சனம் எழுதவில்லை. மூன்று நிமிடத்தில் ஒன்றுமே கிடைக்கவில்லை என்று சொல்லி, கேள்வி பதிலை அப்படியே போட்டுவிட்டார். நாடு முழுவதும் அதைப் படித்தது. ‘வலுவான, நிலையான’ என்ற ஒரே வாசகத்தை நாள்தோறும் சொல்லிவந்த மேயின் கட்சி, 2015-ல் 330 ஆக இருந்த இடங்கள் 317 ஆகக் குறைந்து பெரும்பான்மையை இழந்தது.

இதே போன்ற ஒன்றை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். தென்மாவட்டத்தில் ஒரு தொகுதி, 2021 சட்டமன்றத் தேர்தல். அந்த வேட்பாளர் ஒரு நாளைக்கு நான்கைந்து யூடியூப் சேனல்களுக்குப் பேசுவார். மாநில உரிமை, மத்திய அரசு, நீட் என்று நன்றாகவே பேசுவார். ஒரு மாலை டீக்கடை வாசலில், பக்கத்து ஊர் நிருபர் ஒருவர் செல்போனை நீட்டி, கண்மாய் மடை உடைந்து இரண்டு வருஷமாகிறதே என்று கேட்டார். வேட்பாளர் உடனே, கண்டிப்பாகச் சரிசெய்வோம் என்று சொல்லி, கண்மாயின் பெயரையும் சேர்த்துச் சொன்னார். அது வேறு ஊர்க் கண்மாயின் பெயர். இரண்டு ஊருக்கும் தண்ணீர்த் தகராறு வேறு உண்டு. கூட வந்த ஒன்றியச் செயலாளர் முகம் வெளிறியதை நான் பார்த்தேன். ராத்திரி சாப்பாட்டுக்குள் அந்த இருபது வினாடி வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகப் போய்விட்டது. முப்பது பேட்டியில் சம்பாதித்த பெயர் அங்கே நின்றுபோனது. மாநிலச் சேனலில் அவரைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் அவருடைய தொகுதிக்காரர்கள்? அந்தச் செல்போன் வீடியோவைப் பார்த்தவர்கள் எல்லோரும் அவருடைய வாக்காளர்கள்.

அதனால் உள்ளூர்ப் பேட்டிக்கு முன்னால் தொகுதியின் கண்மாய், நின்றுபோன பஸ், டாக்டர் இல்லாத ஆரம்ப சுகாதார நிலையம் இவற்றை ஒரு தாளில் எழுதிப் படித்துக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால் ‘எனக்குத் தெரியாது, விசாரித்துவிட்டுச் சொல்கிறேன்’ என்று சொல்வதில் தப்பே இல்லை. சொன்னபடி மறுநாள் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும். அப்படிக் கூப்பிட்டவர்கள் வெகு சிலர். அவர்களை நிருபர்கள் மறப்பதில்லை.

கோபத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2015 டிசம்பர் கடைசியில் சென்னையில் நிருபர்களைப் பார்த்து விஜயகாந்த் ‘தூ’ என்று துப்பிய காட்சி எல்லோருக்கும் நினைவிருக்கும். மனசில் பட்டதைப் பேசுகிறவர் என்று அவரை நேசித்தவர்கள்கூட அன்று சங்கடப்பட்டார்கள். 2007-ல் கரண் தாப்பரின் பேட்டியிலிருந்து மூன்று நான்கு நிமிடத்தில் எழுந்துபோன நரேந்திர மோடி, அந்த ஆண்டு குஜராத் தேர்தலிலும் ஜெயித்தார், பின்னால் பிரதமரும் ஆனார். ஆக, எழுந்துபோனால் தோற்றுவிடுவோம் என்றில்லை. ஆனால் அந்த வீடியோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, ஒவ்வொரு தேர்தலிலும்.

கடைசியாக, சட்டம். காசு கொடுத்துப் பேட்டி போட்டுக்கொள்வது பெய்டு நியூஸ். மாவட்ட அளவில் ஊடகக் கண்காணிப்புக் குழு உட்கார்ந்து பார்க்கிறது. நிரூபணமானால் அதன் மதிப்பு உங்கள் தேர்தல் செலவுக் கணக்கில் ஏறும். சட்டமன்றத் தேர்தலுக்குத் தமிழ்நாட்டில் வரம்பு 40 லட்சம் ரூபாய். உத்தரப் பிரதேசத்தில் உம்லேஷ் யாதவ் என்ற எம்.எல்.ஏ., செய்தி போல வெளியான விளம்பரத்தின் செலவைக் கணக்கில் காட்டாததற்காக 2011-ல் மூன்று ஆண்டு தகுதி நீக்கம் செய்யப்பட்டார். சின்ன யூடியூப் சேனல் ‘பேக்கேஜ்’ பேச வரும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126-வது பிரிவு. வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் தேர்தல் விஷயத்தை டிவியில் காட்டக் கூடாது. மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். 2017 டிசம்பரில் குஜராத் இரண்டாம் கட்ட வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் ஒளிபரப்பான டிவி பேட்டிகளுக்காக ராகுல் காந்திக்குத் தேர்தல் ஆணையம் நோட்டீஸ் அனுப்பி, பிறகு திரும்பப் பெற்றது. அவருக்குப் பெரிய வக்கீல்கள் இருந்தார்கள். வாக்குப்பதிவு மாலை 6 மணிக்கு முடிகிறது என்றால், இரண்டு நாள் முன்பு அதே 6 மணிக்கு மைக்கைக் கழற்றிவிடுங்கள். ‘ஒரே ஒரு பைட் அண்ணே’ என்று ஒரு சின்னப் பேட்டிக்காகத் தெரிந்த பையன் வந்து நிற்பான். அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, பூத் ஏஜென்ட் பட்டியலைச் சரிபார்க்கப் போய்விடுங்கள்.